கிண்டி பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் நிலத்தடி நீர் பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கினேன். அன்றிலிருந்து ஜூனியர்கள், சொந்தக்காரப் பிள்ளைகள், அவர்களுடைய அப்பா அம்மா, வேறு கல்லூரிகளில் பாடம் நடத்தும் நண்பர்கள் என்று யார் போன் பண்ணினாலும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான். திரும்பத் திரும்பச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். கட்டணம், கடைசித் தேதி, மதிப்பெண் வரம்பு ஆகியவை மாறிக்கொண்டே இருக்கும். அவற்றுக்கு அந்தந்தப் பருவத்தின் அறிவிக்கையைப் பாருங்கள்.

1. "ஆராய்ச்சின்னா பி.எச்டி.தானே அக்கா? நான் இப்பதான் செகண்ட் இயர். எனக்கு இதுல என்ன இருக்கு?"

பி.எச்டி. ஒரு பட்டம். ஆராய்ச்சி என்றால், இதுவரை யாருக்கும் விடை தெரியாத ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு அதன் விடையை அளந்து காட்டுவது. அந்த வேலையில் இரண்டாம் ஆண்டு மாணவருக்கும் இடம் உண்டு. நான் அப்படித்தான் உள்ளே வந்தேன். மூன்றாம் ஆண்டு கோடை விடுமுறையில் ஓர் ஆய்வு மாணவிக்குக் கூடமாட ஒத்தாசையாகப் போனேன். திருவான்மியூரிலிருந்து தெற்கே கடலோரமாக வீட்டுக் கிணறுகளில் தண்ணீர் எடுக்கும் வேலை. காலை 6 மணிக்கே கிளம்புவோம். கையில் ஒரு கயிறு, அரை லிட்டர் பாட்டில்கள், உப்பை அளக்கும் சின்ன மீட்டர். ஒரு வீட்டில் நான் மீட்டரைக் கழுவிக்கொண்டிருந்தபோது, அந்த வீட்டுப் பாட்டி வாளியிலிருந்து ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "கார்த்திகையில இனிக்கும், சித்திரையில கரிக்கும்மா" என்றார். மீட்டரும் அதையேதான் சொன்னது. ஆனால் எவ்வளவு கரிக்கும், கடலிலிருந்து எத்தனை தூரம் வரை கரிக்கும், பக்கத்துத் தெருக் கிணறு மட்டும் ஏன் இனிக்கிறது என்பதெல்லாம் பாட்டிக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. என் ஆராய்ச்சி அந்த வாசலில் ஆரம்பித்தது.

முறையான வழிகளும் உண்டு. இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டத்துக்குப் பொறியியல் மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். 2 மாதம் ஒரு விஞ்ஞானியின் ஆய்வகத்தில் வேலை செய்யலாம். கோடைக்கான விண்ணப்பம் முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே முடிந்துவிடும் என்பதைப் பலரும் தவறவிடுகிறார்கள். கடைசி ஆண்டு புராஜெக்ட்டுக்குத் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் திட்ட நிதி இருக்கிறது. தொகை சிறியதுதான், ஆனால் சென்சாரும் வேதிப்பொருளும் வாங்கப் போதும். கல்லூரி வழியாக விண்ணப்பிக்க வேண்டும்.

2. "டிபார்ட்மென்ட் வேற, சென்டர் வேறயா? ரெண்டும் ஒரே காம்பஸ்லதானே இருக்கு?"

துறை என்பது பாடத்தைச் சுற்றி அமைந்தது: சிவில், மெக்கானிக்கல், மின்னியல். மையம் என்பது பிரச்சினையைச் சுற்றி அமைந்தது. ஒரு கிணற்றுத் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கிருந்து வருகிறது என்று சொல்ல நிலவியல் வேண்டும், என்ன கலந்திருக்கிறது என்று சொல்ல வேதியியல் வேண்டும், எவ்வளவு எடுக்கலாம் என்று கணக்குப் போட சிவில் வேண்டும், எடுக்கிறவர்கள் ஏன் நிறுத்த மாட்டார்கள் என்று புரிந்துகொள்ளச் சமூகவியலும் வேண்டும். இவர்களை ஒரே கூரையின் கீழ் உட்கார வைக்கத்தான் நீர்வள மையம் போன்றவை வந்தன.

மாணவருக்கு நடைமுறையில் பெரிய வித்தியாசம் இல்லை. மையங்களிலும் எம்.இ., எம்.டெக். வகுப்புகள் நடக்கின்றன, பி.எச்டி. மாணவர்களும் இருக்கிறார்கள். எங்கே சேர்ந்தாலும் பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம்தான்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். அண்ணா பல்கலைக்கழகம் 1978-இல் உருவானபோது கிண்டி பொறியியல் கல்லூரி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. (மெட்ராஸ் தொழில்நுட்ப நிறுவனம்), கட்டடக்கலைப் பள்ளி ஆகிய நான்கும் ஒன்று சேர்ந்தன. அதனால் 'அண்ணா யுனிவர்சிட்டி மையம்' என்று யாராவது சொன்னால் அது கிண்டியிலும் இருக்கலாம், குரோம்பேட்டையிலும் இருக்கலாம். விசாரித்துவிட்டுப் பஸ் ஏறுங்கள்.

3. "என்னென்ன சென்டர் இருக்குன்னு பேரை மட்டும் சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்."

பெயரை மட்டும் சொன்னால் பிரயோஜனம் இல்லை, என்ன செய்கிறார்கள் என்பதையும் சொல்கிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்தது நீர், நிலம், கடல் பக்கம். நீர்வள மையம் பாசனம், ஏரி, நிலத்தடி நீர் பற்றியது. தொலையுணர்வு நிறுவனம் செயற்கைக்கோள் படங்களை வைத்து நிலம் எப்படி மாறுகிறது என்று பார்க்கிறது. 30 ஆண்டுக்கு முந்தைய படத்தையும் இன்றைய படத்தையும் அடுக்கி வைத்து, ஓர் ஏரி எந்தப் பக்கத்திலிருந்து சுருங்கியது என்று காட்டுவார்கள். கடல் மேலாண்மை நிறுவனம் கரை அரிப்பு, அலையாத்திக் காடு, கடலோர ஒழுங்குமுறை ஆகியவற்றில் இருக்கிறது. சுற்றுச்சூழல் ஆய்வு மையமும் பருவநிலை மாற்றத்துக்கான மையமும் தனியாக இருக்கின்றன. இவை தவிர, தேசிய நிலைத்த கடலோர மேலாண்மை மையமும் இதே வளாகத்தில் இருக்கிறது. ஆனால் அது மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கீழ் வருவது, பல்கலைக்கழகத்தினுடையது இல்லை.

பொருள் அறிவியல் பக்கம் படிக வளர்ச்சி மையத்தை ஒருமுறையாவது போய்ப் பாருங்கள். வீட்டில் கற்கண்டு எப்படி வளர்கிறது? பாகில் நூலைத் தொங்கவிட்டு, ஆடாமல் அசையாமல் வைத்தால் நூலைப் பிடித்துக்கொண்டு கட்டி வளரும். அடிப்படை அதேதான். வெப்பநிலையைத் துளித்துளியாகக் குறைத்து, வாரக்கணக்கில் காத்திருந்து, கண்ணாடி போன்ற ஒரு படிகத்தை எடுக்கிறார்கள். லேசர் கருவிகளுக்கு அப்படிப்பட்ட படிகம் வேண்டும். நடுவில் கரைசலில் சலனம் ஏற்பட்டால் படிகத்தில் குறை விழுந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. பொறுமை உள்ளவர்களுக்கான இடம் அது.

உயிரித் தொழில்நுட்ப மையம், ஆற்றல் ஆய்வு நிறுவனம், ராமானுஜன் கணினி மையம், நானோ அறிவியல் மையம் ஆகியவையும் உண்டு. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் ஆளில்லா விமானங்களில் பெயர் வாங்கிய வான்வெளி ஆராய்ச்சி மையமும், மொழித் தொழில்நுட்பம் உள்ளிட்ட துறைகளில் வேலை செய்யும் ஏயூ-கேபிசி ஆராய்ச்சி மையமும் இருக்கின்றன.

4. "பழைய காலேஜ்னு சொல்றாங்க. உண்மையிலேயே ஆராய்ச்சிப் பாரம்பரியம் இருக்கா, இல்ல பேருதானா?"

இருக்கிறது. 1794-இல் மெட்ராஸில் 8 பையன்களோடு ஆரம்பித்த நில அளவைப் பள்ளிதான் இந்தக் கல்லூரியின் வேர். ஆரம்பித்தவர் மைக்கேல் டாப்பிங். மெட்ராஸ் வானாய்வுக் கூடத்தை அமைத்தவரும் அவர்தான். நட்சத்திரத்தைப் பார்த்து இடத்தைத் துல்லியமாகக் குறிக்கத் தெரிந்த ஒருவர், தரையை அளக்க ஆள் தயார் பண்ணினார். 1859-இல் அது சிவில் பொறியியல் கல்லூரி ஆனது, 1920-இல் கிண்டிக்கு வந்தது. இன்றைக்கு அங்கே ஜியோஇன்பர்மேடிக்ஸ் என்று பி.இ. படிக்கிறார்களே, அது அந்த முதல் பள்ளியின் நேர் வாரிசு.

பிற்காலத்திலும் உதாரணம் உண்டு. டி.ஐ.எஃப்.ஆர். எனப்படும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இந்தியாவின் முதல் கணினிகளில் ஒன்றான டிஃப்ராக்கை உருவாக்கிய குழுவை நடத்திய ஆர். நரசிம்மன் கிண்டி மாணவர். 2009 ஏப்ரல் 20 அன்று பி.எஸ்.எல்.வி. சி-12 ராக்கெட்டில் போன அனுசாட், சுமார் 40 கிலோ எடையுள்ள சின்னச் செயற்கைக்கோள். இஸ்ரோவின் துணையோடு ஓர் இந்தியப் பல்கலைக்கழகம் கட்டிய முதல் செயற்கைக்கோள் அதுதான். எம்.ஐ.டி. வளாகத்தில் கட்டினார்கள். அதில் மாணவர்களின் கையும் இருந்தது.

5. "நான் சிவில். ஆனா கம்ப்யூட்டர் பக்கம்தான் ஆராய்ச்சி பண்ண ஆசை. விடுவாங்களா?"

ராஜ் ரெட்டியைப் பற்றிச் சொன்னால் போதும் என்று நினைக்கிறேன். 1958-இல் கிண்டியில் சிவில் படித்து முடித்தவர். பிறகு ஸ்டான்ஃபோர்டில் கணினி அறிவியலில் முனைவர் பட்டம். கணினிக்குப் பேச்சைப் புரியவைக்கும் வேலையில் முன்னோடி. செயற்கை நுண்ணறிவுக்காக 1994-இல் கணினித் துறையின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருது வாங்கினார்.

விதியைக் கேட்டால், எந்தப் பட்டத்துக்கு எந்தப் புலத்தில் சேரலாம் என்ற பட்டியல் அறிவிக்கையில் இருக்கும். அதில் இடமில்லாவிட்டாலும் இரண்டாவது கேள்வியில் சொன்ன மையங்கள் இருக்கின்றன. எனக்குத் தெரிந்து, சிவில் படித்த ஒரு பெண் தொலையுணர்வு நிறுவனத்தில் சேர்ந்து, நாள் முழுக்க நிரல்தான் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் எடுத்துக்கொண்ட கேள்வி வெள்ளத்தைப் பற்றியது, கையில் இருந்தது கணினி. அப்படிச் சேருவது எளிது.

6. "புரொபசருக்கு மெயில் போட்டேன். பதிலே வரல. என்ன பண்ண?"

நீங்கள் அனுப்பிய மெயிலை எனக்கும் ஒருமுறை அனுப்புங்கள் என்று கேட்பேன். பத்தில் ஒன்பது 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் ஆராய்ச்சியில் மிகுந்த ஆர்வம் உள்ளது' என்று ஆரம்பித்து, எந்த ஆராய்ச்சி என்று கடைசி வரை சொல்லாது. அதே மெயில் இருபது பேருக்குப் போயிருக்கும், வாங்குகிறவருக்கு அது முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

அவருடைய கட்டுரை ஒன்றை எடுத்து முழுசாகப் படியுங்கள். புரியாத இடம் இருக்கும். அந்த இடத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டு ஐந்து வரியில் எழுதுங்கள். ஒரு வாரம் பதில் இல்லையென்றால் நேரில் போங்கள். வகுப்பு இல்லாத நேரத்தை அவருடைய ஆய்வு மாணவர்களிடம் கேட்டால் சொல்லிவிடுவார்கள். சொல்லப்போனால் முதலில் பேச வேண்டியது அந்த மாணவர்களிடம்தான். டீக்கடையில் பத்து நிமிஷம் பேசினால், எந்தக் கருவி ஓடுகிறது, எந்தப் புராஜெக்ட்டில் ஆள் தேவை, ஐயா எந்த நேரத்தில் காது கொடுத்துக் கேட்பார் என்று எல்லாம் தெரிந்துவிடும்.

7. "எம்.இ., எம்.எஸ்., பி.எச்டி. மூணுக்கும் என்ன வித்தியாசம்? பி.இ. முடிச்ச கையோட பி.எச்டி. சேர முடியுமா?"

எம்.இ. பெரும்பாலும் பாடம், கடைசியில் ஒரு புராஜெக்ட். முதுநிலைப் பொறியியல் நுழைவுத் தேர்வான கேட் மதிப்பெண்ணோடு சேர்ந்தவர்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ. எனப்படும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு மாதம் 12,400 ரூபாய் தருகிறது. ஆராய்ச்சி வழி எம்.எஸ். என்றால் பாடம் குறைவு, ஆய்வு அதிகம், ஆய்வேடு எழுத வேண்டும். பி.எச்டி. பிடிக்குமா என்று தெரியாதவர்களுக்கு எம்.எஸ். நல்ல வழி.

பி.இ. முடித்ததும் நேரடியாகச் சேர, 2022-இல் வந்த யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிகள் இடம் தருகின்றன: 4 ஆண்டுப் பட்டத்தில் 75 சதவீதம் அல்லது அதற்கு நிகரான தரம் இருக்க வேண்டும். ஆனால் அது யு.ஜி.சி. திறந்துவிட்ட கதவு. பல்கலைக்கழகம் அந்தப் பருவத்தில், அந்தத் துறையில் எடுக்கிறதா என்பதை அறிவிக்கையில்தான் பார்க்க வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தில் ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இரண்டு பருவம் சேர்க்கை உண்டு. இதையெல்லாம் கவனிக்கும் அலுவலகத்துக்கு ஆராய்ச்சி மையம் என்றே பெயர். மேலே சொன்ன ஆய்வு மையங்களோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இங்கே ஆய்வு நடக்காது, பதிவுதான் நடக்கும்.

8. "மேடம், பையன் இன்னும் அஞ்சு வருஷம் படிக்கறேங்கறான். சம்பளம் மாதிரி ஏதாவது வருமா?"

அப்பாக்கள் கேட்கும் கேள்வி, நியாயமான கேள்வி. ஜே.ஆர்.எஃப். எனப்படும் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், 2 ஆண்டு கழித்து 42,000. வீட்டு வாடகைப்படி தனி. இது 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த தொகை. சிக்கல் என்னவென்றால் சிவில், மெக்கானிக்கல் போன்ற பாடங்களுக்கு, அந்த உதவித்தொகைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் யு.ஜி.சி. நெட் தேர்வில் தாளே கிடையாது. அதனால் எங்கள் பக்கம் பெரும்பாலானவர்கள் கேட் மதிப்பெண்ணை வைத்து வெளி நிதியில் நடக்கும் ஓர் ஆய்வுத் திட்டத்தில் ஜே.ஆர்.எஃப். ஆகச் சேர்ந்து, அதே வேலையைப் பி.எச்டி.யாகப் பதிவு செய்துகொள்வார்கள். அண்ணா நூற்றாண்டு ஆராய்ச்சி உதவித்தொகை என்று பல்கலைக்கழகமே கொடுத்த உதவியும் உண்டு; உங்கள் பருவத்தில் அறிவித்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

ஒன்றை மட்டும் வீட்டில் முன்கூட்டியே பேசி வையுங்கள். திட்ட நிதி மாதம் பிறந்ததும் வந்து நிற்காது. தவணை தாமதமானால் நான்கைந்து மாதம் சேர்த்துத்தான் வரும். அதுவரை தாக்குப்பிடிக்கக் கையில் கொஞ்சம் இருக்க வேண்டும். திட்டம் 3 ஆண்டில் முடிந்து பி.எச்டி. முடியாவிட்டால் என்ன செய்வது என்பதையும் சேரும் அன்றே கைடிடம் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

9. "உண்மையச் சொல்லுங்க, எத்தனை வருஷம் ஆகும்?"

யு.ஜி.சி. விதிப்படி குறைந்தது 3, அதிகபட்சம் 6 ஆண்டு; அதன்பிறகு 2 ஆண்டு வரை நீட்டிப்பு கிடைக்கலாம். நான் பார்த்தவரை முழுநேர மாணவர்களில் பலர் நான்கரை, ஐந்து ஆண்டில் வெளியே வருகிறார்கள்.

முதலில் கோர்ஸ் ஒர்க், அதாவது பாட வகுப்புகள். உங்கள் ஆய்வைக் கண்காணிக்க டாக்டோரல் கமிட்டி என்று ஒரு குழு இருக்கும், 'டிசி மீட்டிங்' என்பார்கள். அதில் தலைப்பை உறுதிசெய்வது, பிறகு ஆய்வு, கட்டுரைகள், சினாப்சிஸ் எனும் ஆய்வுச் சுருக்கம், ஆய்வேடு, வெளித் தேர்வாளர்களின் அறிக்கை, கடைசியில் பொது வாய்மொழித் தேர்வு. ஆய்வேட்டைக் கொடுத்த பிறகும் அறிக்கை வர மாதக்கணக்கில் ஆகும், அந்தக் காலத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் ஒரு வருஷம் எப்படிப் போனது என்று சொல்கிறேன். முதல் கோடையில் எடுத்த தண்ணீர் பாட்டில்கள் மேல் சாதாரண இங்க் பேனாவால் எண் எழுதினேன். ஐஸ் பெட்டியில் வைத்ததும் எழுத்து கரைந்து 34 பாட்டில்கள் எந்தக் கிணற்றுடையவை என்றே தெரியாமல் போயிற்று. சித்திரைத் தண்ணீரைத் திரும்ப எடுக்க அடுத்த சித்திரைதான் வர வேண்டும். மார்க்கர் பேனா, மேலே செல்லோடேப், நோட்டில் இன்னொரு பதிவு: கள வேலைக்குப் போகும் எல்லோரிடமும் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

10. "நல்ல கைடுனு எப்படித் தெரியும்? எல்லாரும் பெரிய ஆளுங்களாத்தான் தெரியறாங்க."

எல்லா முடிவுகளிலும் இதுதான் பெரியது. மையத்தின் பெயர், கட்டடம், கருவி எல்லாம் இதற்கு அப்புறம்தான். ஐந்து ஆண்டு நீங்கள் பேசப்போவது ஒரு மனிதரோடு.

'ஷோத்கங்கா' என்ற இணையக் களஞ்சியத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கைடின் பெயரைப் போட்டுத் தேடினால் அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகள் வரும். இரண்டை இறக்கி முன்னுரையையும் கடைசி அத்தியாயத்தையும் படியுங்கள். ஒவ்வொரு மாணவருக்கும் தனிக் கேள்வி இருந்ததா, அல்லது ஒரே வேலையை ஊர் பெயர் மாற்றி எழுதியிருக்கிறார்களா என்று தெரிந்துவிடும். அப்புறம் முடித்தவர்களில் ஒருவரையும், நடுவில் விட்டுப்போனவர்களில் ஒருவரையும் தேடிப் பேசுங்கள். இரண்டாமவரைக் கண்டுபிடிப்பது கஷ்டம், ஆனால் அவர் சொல்வதைக் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள்.

விதிகளையும் பாருங்கள். ஒரே நேரத்தில் பேராசிரியர் 8, இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 மாணவர்களுக்கு மேல் வழிகாட்டக் கூடாது. ஓய்வுபெற 3 ஆண்டுக்குக் குறைவாக இருப்பவர் புதிதாக மாணவரை எடுக்க முடியாது. இளம் உதவிப் பேராசிரியர் என்றால் பலர் தயங்குகிறார்கள். எனக்குத் தெரிந்து நன்றாக வந்த ஆய்வுகள் பல அவர்களிடம் நடந்தவைதான். அவர்களுக்கு நேரம் இருக்கிறது, நிரூபிக்க வேண்டிய ஆசையும் இருக்கிறது.

11. "நான் ஒரு பிரைவேட் காலேஜ்ல அசிஸ்டன்ட் புரொபசர். பார்ட் டைம்ல பண்ணலாமா?"

பண்ணலாம், 2022 விதிகளும் அனுமதிக்கின்றன. வேலை பார்க்கும் இடத்திலிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். படிக்கப் போதிய நேரம் தருவோம், தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க்குக்கு விடுவிப்போம் என்று அவர்கள் எழுதித் தர வேண்டும். காகிதத்தில் தருவதும் நிஜத்தில் விடுவதும் வேறு வேறாக இருக்கும், ஆகவே உங்கள் துறைத் தலைவரிடம் வாய்விட்டுப் பேசி வாரத்தில் ஒரு நாளையாவது உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வியையும் உங்கள் வாழ்க்கைக்கு ஏற்ற மாதிரி எடுங்கள். படிக வளர்ச்சி போலத் தினமும் பார்த்தே ஆக வேண்டிய வேலை பகுதிநேரத்துக்குச் சரிவராது. கணினி மாதிரி அமைப்பது, இருக்கும் தரவை அலசுவது, வருஷத்துக்கு இரண்டு முறை கள வேலைக்குப் போவது போன்றவை சரிவரும்.

12. "நான் அஃபிலியேட்டட் காலேஜ்ல படிக்கறேன். கிண்டி லேப் எல்லாம் எங்களுக்குக் கிடையாதா?"

கிடைக்கும். பல இணைப்புக் கல்லூரித் துறைகளுக்கே பல்கலைக்கழகம் ஆய்வு மைய அங்கீகாரம் கொடுத்திருக்கிறது. உங்கள் கல்லூரியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கருவி வேண்டுமென்றால், மாதிரிக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டிச் சோதனை செய்துகொள்ளும் வழக்கம் உண்டு. நாடு முழுக்க எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று காட்டி, பதிவுசெய்யவும் உதவும் 'ஐ-ஸ்டெம்' தளமும் இருக்கிறது.

அக்கம்பக்கத்தையும் மறக்காதீர்கள். ஐ.ஐ.டி. பக்கத்திலேயே இருக்கிறது. மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் அதே சர்தார் பட்டேல் சாலையில். தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையமும் கணித அறிவியல் நிறுவனமும், பள்ளிக்கரணையில் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனமும் இருக்கின்றன. இத்தனை ஆய்வு நிறுவனங்கள் ஒரே பகுதியில் இருப்பது பெரிய வசதி.

13. "பேப்பர் போட பணம் கேக்கறாங்க அக்கா. கட்டலாமா?"

எதற்குக் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. யாரும் இலவசமாகப் படிக்கலாம் என்று திறந்து வைக்கும் நல்ல ஆய்விதழ்களும் கட்டணம் வாங்குகின்றன. அதே நேரத்தில் எனக்கு ஓர் இதழிலிருந்து, கட்டுரையை அனுப்புங்கள், இரண்டே நாளில் ஏற்றுக்கொள்கிறோம் என்று செய்தி வந்தது. இரண்டு பேர் படித்துக் குறை சொல்லித் திருப்பி அனுப்ப இரண்டு நாள் எப்படிப் போதும்? அங்கேயே நின்றுவிடுங்கள்.

முன்பு, நம்பத்தக்க ஆய்விதழ்கள் எவை என்று சொல்லும் யு.ஜி.சி. கேர் பட்டியலைப் பார்த்தால் போதும் என்பார்கள். 2025 பிப்ரவரியில் அந்தப் பட்டியலைக் கைவிட்டுவிட்டார்கள். 2022 யு.ஜி.சி. விதிகளில் பி.எச்டி.க்குக் கட்டுரை கட்டாயம் என்பதும் இல்லை. ஆனால் பல்கலைக்கழகம் தன் விதியில் கேட்கலாம், ஆகவே நீங்கள் பதிவுசெய்த ஆண்டின் விதிமுறையை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். எளிய சோதனை ஒன்று: உங்கள் கட்டுரைக்கு நீங்கள் படித்த 20 கட்டுரைகள் எந்த இதழ்களில் வந்தனவோ, அந்த இதழ்களுக்கு அனுப்புங்கள்.

14. "சிமிலாரிட்டி பத்து பர்சென்ட்டுக்குள்ள வந்தா போதும்ல?"

சிமிலாரிட்டி என்பது உங்கள் ஆய்வேடு பிறர் எழுதியதோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் காட்டும் அளவு. யு.ஜி.சி.யின் 2018 விதிப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10-லிருந்து 40 வரை என்றால் திருத்தி 6 மாதத்துக்குள் திரும்பக் கொடுக்க வேண்டும். 40-லிருந்து 60 வரை ஓராண்டுக்குக் கொடுக்க முடியாது. 60-க்கு மேல் பதிவே ரத்து.

ஆனால் அந்த எண் சொற்களை மட்டும்தான் எண்ணும். வாக்கியத்தை மாற்றிப் போட்டு அடுத்தவரின் அளவீட்டை உங்களுடையதாகக் காட்டினால் மென்பொருள் பிடிக்காது, வாய்மொழித் தேர்வில் தெரிந்தவர் பிடிப்பார். எந்தக் கிணறு, எந்தத் தேதி, எந்த மீட்டர் என்று கேட்டால் உடனே நோட்டைத் திறந்து காட்ட முடிய வேண்டும்.

15. "பொண்ணுக்கு கல்யாணம் பேசிட்டிருக்கோம். நடுவுல சேர்த்தா நின்னுடுமோனு பயமா இருக்கு."

நிற்க வேண்டியதில்லை. பெண்களுக்கு, ஒன்பதாவது கேள்வியில் சொன்ன கால வரம்புக்கு மேல் இன்னும் 2 ஆண்டு உண்டு. மொத்தம் 10 வரை போகலாம். மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்கு 240 நாள் விடுப்பு உண்டு. கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனால், செய்த ஆய்வின் தரவோடு அங்குள்ள நிறுவனத்துக்கு மாறிக்கொள்ளவும் விதி இடம் தருகிறது. இந்த மூன்றையும் மாப்பிள்ளை வீட்டில் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். என் தோழி நிச்சயதார்த்தத்துக்கு முன்பே, 'இன்னும் மூன்று மழைக்காலம் நான் கள வேலைக்குப் போவேன்' என்று சொல்லித்தான் சம்மதித்தாள். போனாள், முடித்தாள்.

16. "கைடோட ஒத்துவரல. மாத்திக்கலாமா? மாத்தினா பழிவாங்குவாங்களா?"

மாற்ற விதியில் வழி இருக்கிறது. ஆனால் முதலில் பிரச்சினை எது என்று பிரித்துப் பாருங்கள். திட்டுகிறார் என்பது ஒன்று, திருத்தாமல் வைத்திருக்கிறார் என்பது வேறு, உங்கள் வேலையில் வேறொருவர் பெயரைப் போடச் சொல்கிறார் என்பது முற்றிலும் வேறு. முதலிரண்டுக்கும் எழுத்தில் கேட்டாலே பாதி தீரும்: 'இன்ன தேதியில் அத்தியாயம் கொடுத்தேன், இன்ன தேதிக்குள் பார்த்துத் தர முடியுமா?' என்று மெயில் போடுங்கள். தீராவிட்டால் டிசி உறுப்பினர்களில் ஒருவரிடம் தனியாகப் பேசுங்கள். அந்தக் குழு இருப்பதே இதற்கும்தான். மூன்றாவது வகை என்றால், அல்லது மரியாதைக் குறைவாக நடத்தினால், தாமதிக்காமல் துறைத் தலைவரிடம் எழுத்தில் கொடுங்கள். உங்கள் நோட்டும் தரவும் உங்களிடம் ஒரு பிரதி இருக்கட்டும். சேரும் முன்பே பத்தாவது கேள்வியில் சொன்னபடி விசாரித்தவர்களுக்கு இந்த நிலைமை அநேகமாக வருவதில்லை.

17. "தமிழ் மீடியம்ல படிச்சேன். இங்கிலீஷ்ல எழுதணும்னாலே பயம்."

என் கள நோட்டு முழுக்கத் தமிழில்தான் இருந்தது. 'மோட்டார் போட்டு அரை மணி ஆனதும் கரிக்கிறது' என்று எழுதியதைப் பிறகு ஆங்கிலத்தில் ஒரு பத்தி ஆக்கினேன். கிணற்றைப் பற்றித் தெளிவாகத் தெரிந்திருந்ததால் அந்தப் பத்தியை எழுதுவது கஷ்டமாக இல்லை. கடலோர நிலத்தடியில், கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி நின்றால், அதற்குக் கீழே சுமார் 40 அடி ஆழத்துக்கு உப்பு நீரைத் தள்ளி வைத்திருக்கும்; மேலே ஓர் அடி இறைத்துவிட்டால் கீழே உப்பு நீர் 40 அடி மேலேறும். இதை முதல் கேள்வியில் சொன்ன அந்தப் பாட்டிக்குப் புரியும்படி சொல்ல முடிந்த அன்றுதான், தேர்வாளரிடமும் சொல்ல முடியும் என்று தைரியம் வந்தது.

தமிழே ஆய்வுப் பொருளாகவும் இருக்கலாம். கிண்டி கணினித் துறையில் டாகோலா என்று தமிழ்க் கணிமை ஆய்வகம் உருவானது. ஒரு தமிழ்ச் சொல்லைப் பகுதி, விகுதி என்று பிரித்துக் கணினிக்குப் புரியவைக்கும் வேலை அங்கே நடந்தது. 'வந்துகொண்டிருந்தவர்களுக்காகவும்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எத்தனை உறுப்பு இருக்கிறது என்று பாருங்கள். அதைப் பிரிக்க இலக்கணமும் தெரிய வேண்டும், நிரலும் தெரிய வேண்டும். நன்றாகத் தமிழ் படித்தவருக்கு அங்கே ஒரு படி மேலே இடம்.

18. "சரி அக்கா, நாளைக்கே வந்து பாக்கறேன். எங்க ஆரம்பிக்கறது?"

அடையாள அட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள். சிவப்புக் கட்டடத்தின் முன்னால் படம் எடுத்து முடித்த பிறகு, உங்களுக்குப் பிடித்த மையத்தின் அறிவிப்புப் பலகைக்கு நேராகப் போங்கள். அங்கே புராஜெக்ட் வேலை அறிவிப்புகளுக்கு நடுவில், பொது வாய்மொழித் தேர்வு என்று ஒரு தாள் ஒட்டியிருக்கும்: ஆய்வாளர் பெயர், தலைப்பு, நாள், நேரம், அறை எண். பொது என்றால் பொதுதான், கேட்க வருகிறவர்களுக்கு இடம் உண்டு. பத்து நிமிஷம் முன்னதாகப் போய்க் கடைசி வரிசையில் உட்காருங்கள். பேசுவதில் பாதி புரியாது. கேள்வி நேரம் வரும்போது ஆய்வாளர் எதற்குச் சட்டென்று பதில் சொல்கிறார், எதற்குத் தண்ணீர் குடிக்கிறார், கைடு எப்போது குறுக்கே வருகிறார், எப்போது சும்மா இருக்கிறார் என்று கவனியுங்கள். முடிந்ததும் வெளியே ஸ்வீட்டும் மிக்சரும் டீயும் கொடுப்பார்கள். உங்களுக்கும் ஒரு தட்டு கிடைக்கும். அந்த ஆய்வாளர் அன்று எல்லோரிடமும் மனம்விட்டுப் பேசுவார். போய்ப் பேசுங்கள்.